பெரிய ஆயர் என்று யாரைச் சொல்வது?

கம்பஸ் கன்ரீனுக்குப் போகிற வழிச் சுவரில் ஒரு குணமாக்கும் கூட்டத்துச் சுவரொட்டி ஒட்டியிருந்தது. கோட் சூட் போட்ட பாஸ்டர் ஒருவர் இரண்டு கையையும் விரித்தபடி நிற்கிறார். பின்னால் மின்னல் அடிக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற என் நண்பன், அவன் சைவப் பெடியன், சும்மா ஒரு கேள்வி கேட்டான். "உங்கட சமயத்தில உண்மையிலயே பெரிய ஆள் எண்டா நீ ஆரைச் சொல்லுவாய்? இவரைப் போல ஆக்களையோ, பாப்பரசரையோ?"

நான் யோசிக்காமலே இராயப்பு ஆண்டகை என்று சொன்னேன். அவன் விடவில்லை. "அவர் எங்களுக்காகக் கதைச்சவர், அதால சொல்லுறாய். நான் கேட்டது அரசியலில இல்லை, ஆன்மீகத்தில."

அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. பிறகு யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இறையியல் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் கலைப்பீடம்.

முதலில், நாங்கள் வழக்கமாகப் பாவிக்கிற அளவுகோலைப் பார்ப்போம். எவ்வளவு சனம் வந்தது, பிரசங்கம் எப்படி இருந்தது, யாருக்குச் சுகம் கிடைத்தது, யூடியூப்பில் எத்தனை பேர் பார்த்தார்கள். பெந்தகொஸ்தே ஆட்களை மட்டும் சொல்லவில்லை. எங்கட பக்கமும் அப்படித்தான். ஒரு பங்குத்தந்தை மாற்றலாகிப் போகும்போது அவரைப் பற்றி என்ன சொல்லுகிறோம்? கோபுரம் கட்டினார், ஹோல் கட்டினார், திருநாளை முந்தியதைவிடப் பெரிசாகச் செய்தார். அவர் யாருடைய வீட்டுக்குப் போனார், யாருடைய வீட்டுக்குப் போகவில்லை என்பது பிரியாவிடை உரையில் வராது.

இந்த அளவுகோலை இயேசுவுக்கே வைத்துப் பார்த்தால் அவர் தோற்றுப்போனவர். யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் ஐயாயிரம் பேர் சாப்பிட்டார்கள். அவரைப் பிடித்து அரசராக்கப் பார்த்தார்கள். அவர் மலைக்குத் தனியே போய்விட்டார். அதே அதிகாரம் முடியமுன்னம் கஷ்டமான ஒரு விஷயத்தைக் கதைத்ததால் சீடர்களிலேயே பலர் விட்டுப் போய்விடுகிறார்கள். கடைசியில் சிலுவையடியில் நின்றது அவரது தாயும் சில பெண்களும் ஒரு சீடரும். சனத்தை எண்ணித்தான் தலைமையை அளக்கிறது என்றால் அந்த வரைபு மேலேயிருந்து கீழே போகிற வரைபு.

அவர் சொன்ன அளவுகோல் வேறு. நல்ல ஆயனையும் கூலிக்கு மேய்ப்பவனையும் வேறுபடுத்தும்போது அவர் ஒரேயொரு விஷயத்தைத்தான் பார்க்கிறார். ஓநாய் வரும்போது அந்த ஆள் எங்கே நிற்கிறான்? ஓநாய் வராத காலத்தில் இரண்டு பேரும் ஒரே மாதிரித்தான் இருப்பார்கள். இரண்டு பேரிடமும் தடி இருக்கும், இரண்டு பேரும் ஆடுகளை நீரோடைக்குக் கூட்டிப்போவார்கள். ஒருவேளை கூலிக்காரன் நன்றாகப் பாடவும் கூடும். எசேக்கியேல் இறைவாக்கினர் தன் முப்பத்துநான்காம் அதிகாரத்தில், ஆடுகளை மேய்க்காமல் தங்களையே மேய்த்துக்கொண்ட ஆயர்களைத் திட்டுகிற திட்டு இன்றைக்கும் வாசிக்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் அவரும் அதைச் சொல்ல முடிந்தது ஆடுகள் சிதறிப்போன பிறகுதான்.

எங்கட நாட்டில் ஓநாய்க்குப் பஞ்சம் இருக்கவில்லை. ஆகவே யார் எங்கே நின்றார்கள் என்று பார்க்கலாம்.

பழைய ஆளிலிருந்து தொடங்கினால் யோசேவ் வாஸ் முனிவர். கோவாவில் பிறந்த கொங்கணிக்காரர். 1687ல் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது இங்கே ஒல்லாந்தர் ஆட்சி, கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. கூலியாள் வேஷத்தில் வந்து இறங்கினார். தமிழ் படித்தார், சில்லாலையில் ஒளிந்திருந்து இரவில் பூசை வைத்தார். கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய உளவாளி என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். மறைக்கல்வி வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தருகிற கதை, அவர் செபித்து மழை பெய்த கதை. அதுதான் எல்லாருக்கும் ஞாபகம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிசாகத் தெரிவது 1697ல் கண்டியில் அம்மை பரவியபோது நடந்தது. வருத்தக்காரரைச் சொந்த வீட்டுக்காரரே காட்டில் கொண்டுபோய் விட்டபோது, அவரும் அவரோடு இருந்த இன்னொரு குருவானவரும் போய்க் கழுவித் துடைத்துச் சோறு கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் பௌத்தர்கள். 1711ல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் வைத்து அவரைப் புனிதராக்கினார். மழை வந்ததை நம்புகிறதும் விடுகிறதும் அவரவர் விருப்பம். அம்மைக்காரனுக்குப் பக்கத்தில் போய் இருந்ததற்கு நம்பிக்கை தேவையில்லை, அது நடந்தது.

இனி என் முதற் பதிலுக்கு வருகிறேன்.

இராயப்பு யோசேப்பு ஆண்டகை 1940ல் நெடுந்தீவில் பிறந்தவர். 1992ல் மன்னார் ஆயரானார். அந்த மறைமாவட்டத்துக்குள்தான் மடு இருக்கிறது. சண்டைக் காலத்தில் மடுக்கோயில் வளவு யாத்திரை இடம் மட்டுமல்ல, ஆயிரக்கணக்கான சனத்தின் அகதிமுகாம். 1999 நவம்பர் 20ல் அந்த வளவுக்குள் ஷெல் விழுந்து நாற்பது பேரளவில் செத்தார்கள், அதிலே சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். 2008 ஏப்ரலில் சண்டை திரும்பவும் கோயில் வாசலுக்கு வந்தபோது மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள் குருமார். மாதாவே இடம்பெயர்ந்துவிட்டா என்று சனம் அழுததை என் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

ஆனால் அவரைப் பெரியவராக்கியது இது எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். அவர் செய்த ஒரு கழித்தல் கணக்குத்தான்.

2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தது. ஆண்டகை தன் குருமாரோடு போய்ச் சாட்சியம் கொடுத்தார். அதில் அவர் வைத்த கணக்கு இதுதான். 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்த சனத்தொகை, கச்சேரிப் பதிவுப்படி 429,059. 2009ல் சண்டை முடிந்த பிறகு அரச கட்டுப்பாட்டுக்குள் வந்து சேர்ந்ததாக ஐ.நா. அலுவலகம் சொன்ன தொகை 282,380. கழித்தால் 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று தெளிவுபடுத்துங்கள் என்று கேட்டார்.

இதை வைத்து இத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொன்னதாக இன்றைக்கும் பேஸ்புக்கில் எழுதுகிறார்கள். எதிர்க்கிறவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள், ஆதரிக்கிறவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. செத்தார்கள் என்றோ, மறைந்தார்கள் என்றோ, தப்பிப் போனார்கள் என்றோ சொல்லவில்லை. கணக்கு உதைக்கிறது, விளக்கம் தாருங்கள் என்றார். இரண்டு எண்ணுமே அவருடையவை இல்லை. ஒன்று அரசாங்கத்தின் கச்சேரி எண், மற்றது ஐ.நா. எண். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை செய்கிற கழித்தல். அதைச் செய்து, ஆணைக்குழுவுக்கு முன்னால் போய் இருந்து வாசிப்பதற்கு அந்த நேரத்தில் எத்தனை பேருக்குத் துணிவு இருந்தது? அடுத்த வருடம் சீஐடிக்காரர் ஆயர் இல்லத்துக்கே போய் இந்த எண்ணைப் பற்றி விசாரித்தார்கள். அவர் எண்ணை மாற்றவில்லை.

நூறு ஆட்டில் ஒன்று தொலைந்த உவமையை எத்தனை தரம் பிரசங்கத்தில் கேட்டிருப்பேன் என்று தெரியாது. தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன அன்பைப் பற்றி எல்லாரும் உருகி உருகிச் சொல்வார்கள். ஒன்று குறைகிறது என்று அந்த ஆயனுக்கு எப்படித் தெரியவந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. அவன் எண்ணியிருக்கிறான். பின்னேரம் பட்டிக்குத் திரும்பும்போது ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறான். எண்ணாதவனுக்கு ஆடு தொலையாது, பட்டி எப்போதும் நிறைந்துதான் இருக்கும். என் நண்பன் அரசியல் என்று சொன்ன விஷயம் எனக்கு லூக்கா பதினைந்தாம் அதிகாரமாகத்தான் தெரிகிறது. சாமிமார் செபத்தோடு நிற்க வேண்டும் என்கிற ஆட்கள் இந்த உவமையை எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்று உண்மையாகவே அறிய ஆசை.

எண்ணுகிறதுக்கு ஆள் வெளியே வேணும், உள்ளே நிற்கவும் ஆள் வேணும். வன்னிக்குள் கடைசிவரை சனத்தோடு நின்ற குருமாரும் சிஸ்டர்மாரும் இருக்கிறார்கள். அருட்தந்தை பிரான்சிஸ் யோசப், யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர், வயதானவர். வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. 2009 மே 18ல் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு கூடப்போனவர், இன்றுவரை இல்லை. அதற்கு முன்னமும் ஒரு வரிசை இருக்கிறது. 1984ல் மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம், 1985ல் வங்காலையில் மேரி பஸ்ரியன் அடிகளார், 1988ல் மட்டக்களப்பில் சந்திரா பெர்னாண்டோ அடிகளார், 2006ல் அல்லைப்பிட்டியில் காணாமல்போன ஜிம் பிறவுண் அடிகளார். தெற்கில் மைக்கல் றொட்றிகோ அடிகளார், புத்தளப் பக்கத்துச் சிங்கள பௌத்த விவசாயிகளோடு ஒரு குடிசையில் வாழ்ந்தவர், 1987 நவம்பரில் பூசை வைத்துக்கொண்டிருக்கும்போது சுடப்பட்டார். (நான் சொல்வது கற்பிட்டிக்குப் பக்கத்துப் புத்தளத்தை இல்லை, மொனராகலை மாவட்டத்துப் புத்தளையை. பெயர் குழம்பும்.) இவர்களில் ஒருவருக்கும் பெரிய கூட்டம் சேர்ந்ததில்லை.

சரி. ஆனாலும் நண்பனின் கேள்வியில் ஒரு முள் இருக்கிறது. அவர் எங்களுக்காகக் கதைத்தவர், அதால் சொல்கிறாய். உண்மை. தன் சனத்துக்காகக் கதைக்கிறதுக்குத் துணிவு வேண்டும், உயிரே போகலாம். ஆனால் அதைவிடக் கஷ்டமான ஒன்று இருக்கிறது, தன் சனத்திடம் போய் நீங்கள் செய்தது பிழை என்று சொல்வது. அதிலே உயிர் போகாமல் இருக்கலாம். ஆனால் அடுத்த ஞாயிறு கோயிலில் உன்னை யாரும் முகத்துக்கு நேரே பார்க்க மாட்டார்கள்.

அதைச் செய்த ஒருவரைப் பற்றி வாசித்தபோதுதான் என் பதில் முழுசாக இல்லை என்று விளங்கியது. லக்ஷ்மன் விக்கிரமசிங்க, அங்கிலிக்கன் திருச்சபையின் குருநாகல் ஆயர். 1962ல், முப்பத்தைந்து வயதில் ஆயரானவர். சிங்களவர், கொழும்பின் மேல்தட்டுக் குடும்பம். 1983 ஜூலையில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது ஆட்சியில் இருந்த அரசாங்கத்தில் அவருடைய அண்ணன் மகன் ஒரு அமைச்சர். அவர் பேசாமல் இருந்திருக்கலாம். சமாதானத்துக்காகச் செபிப்போம் என்று இரண்டு வரியில் ஒரு அறிக்கை விட்டிருக்கலாம், எல்லாச் சபைகளும் எப்போதும் விடுகிற அறிக்கை. பதிலாக அந்தச் செப்டெம்பரில் தன் மறைமாவட்டத்துக்குக் கொடுத்த உரையில், சிங்களவர்களாகிய நாங்கள் செய்தது வெட்கக்கேடு, அதை எந்த அறத்தைக்கொண்டும் நியாயப்படுத்த ஏலாது, தமிழரிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். தமிழ் இயக்கங்களின் வன்முறையை அவர் ஏற்றவர் இல்லை. ஆனால் அவர்கள் தொடங்கினார்கள்தானே என்ற சாட்டை அவர் தன் ஆட்களுக்குக் கொடுக்கவில்லை. "நாங்கள்" என்று சொன்னதைக் கவனியுங்கள். கடைக்கு நெருப்பு வைத்தவர்களில் அவருடைய சபைக்காரர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர் "அவர்கள்" என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஒக்ரோபர் 23ல் இறந்துபோனார், ஐம்பத்தாறு வயது.

விவிலியத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது, ஆனால் எங்கட பிரசங்கங்களில் அது அவ்வளவாக வருவதில்லை. கலாத்தியர் இரண்டாம் அதிகாரம். அந்தியோக்கியாவில் பேதுரு யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்தவுடன் மெல்ல எழும்பிப் போய்விடுகிறார். பவுல் எல்லாருக்கும் முன்னால் முகத்துக்கு நேரே அவரைக் கண்டிக்கிறார். எனக்கு இதிலே பவுலைவிடப் பேதுருதான் சுவாரசியம். திருச்சபையின் முதல் தலைவர், பகிரங்கமாக ஏச்சு வாங்கியவர், அது எழுதப்பட்டும் இருக்கிறது, அதை ஒருவரும் கிழித்துப் போடவில்லை. அதுவும் எதற்காக ஏச்சு? யார் யாரோடு இருந்து சாப்பிடுகிறது என்பதற்காக.

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஒரே ஊருக்குள் கூப்பிடு தூரத்தில் ஏன் இரண்டு கோயில் என்று வெளியாள் யாரும் கேட்டால் நாங்கள் எல்லாரும் வேறு கதைக்குப் போய்விடுவோம். சாதியைப் பற்றிப் பவுல் மாதிரிக் கதைத்த பங்குத்தந்தை உங்கட பங்கில் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல்நாள், திருக்கேதீஸ்வரத்துக்குப் போகிற வழியில் வைத்த அலங்கார வளைவை ஒரு கூட்டம் பிடுங்கி எறிந்தது. செய்தவர்கள் கத்தோலிக்கர். நந்திக்கொடி நிலத்தில் கிடந்த வீடியோ அன்றிரவே எல்லாருடைய போனிலும் இருந்தது. அப்போது நான் பள்ளிக்கூடம் போகிற வயது. எங்கட வட்ஸ்அப் குழுக்களில் வந்த செய்திகள் எனக்கு நல்ல ஞாபகம். காணி யாருடையது, அனுமதி எடுத்தார்களா, முதலில் தொடங்கியது யார். 1983ல் கொழும்பில் கதைத்த கதையின் சின்னப் பதிப்பு. நான் லக்ஷ்மன் ஆயரை அறிந்தது பிறகுதான். ஆனால் எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அவர் மாதிரி ஒரு குரல், "நாங்கள் செய்தோம், வெட்கம்" என்று எங்கட கோயில் பலிபீடத்தில் நின்று சொல்லுகிற ஒரு குரல். நான் பூசைக்குப் போன கோயிலில் அந்த ஞாயிறு வழக்கமான வாசகம், வழக்கமான பிரசங்கம்.

இந்த அளவுகோலை இராயப்பு ஆண்டகைக்கும் வைக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நான் நண்பனுக்கு நேர்மையாக இல்லை. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களைத் துரத்தியபோது மன்னாரிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். சண்டை முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோது காணிப் பிரச்சினைகள் வந்தன. ஆண்டகை அந்த விடயத்தில் தங்களோடு நிற்கவில்லை என்று மன்னார் முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் குறைப்பட்டிருக்கிறார்கள். சிங்களத் தேசியவாதிகள் அவரைப் புலி ஆயர் என்றார்கள், அதை நான் கணக்கெடுக்கவில்லை. ஆனால் இந்தக் குறையைத் தட்டிவிட எனக்கு ஏலாது. பேதுருவுக்கு ஒரு அந்தியோக்கியா இருந்தது என்றால் மன்னார் ஆயருக்கும் இருந்திருக்கலாம். அதைச் சொல்வதால் 146,679 என்ற எண் சிறிதாகிவிடாது.

இன்றைய தலைவர்களுக்கும் இதே கணக்குத்தான். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு கர்தினால் மல்கம் றஞ்சித் ஆண்டகை தன் சனத்தைக் கட்டுப்படுத்திப் பழிவாங்கல் வேண்டாம் என்று நின்றது பெரிய விஷயம். அந்தக் கிழமை வேறு ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் நீர்கொழும்பில் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கவே பயம். பிறகு அரசாங்கங்களை நம்ப ஏலாது, சர்வதேச விசாரணை வேண்டும் என்றும் கேட்டார். நாங்கள் கேட்கிறது, 2009க்கு அந்தக் குரல் எங்கே போனது என்பதுதான். கட்டுவப்பிட்டியில் செத்த பிள்ளைக்கும் முள்ளிவாய்க்காலில் செத்த பிள்ளைக்கும் ஒரே ஞானஸ்நானத் தண்ணீர். இதைச் சொன்னால் வடக்கு ஆட்கள் எப்போதும் இப்படித்தான் என்பார்கள். இருக்கட்டும்.

இவ்வளவு எழுதிய பிறகு பார்க்கிறேன், ஒரு பெண்ணின் பெயர்கூட வரவில்லை. அது என் பிழை மட்டும் இல்லை. முகாம்களில் பிள்ளைகளுக்குப் படிப்பித்ததும், காணாமல் போனவர்களின் தாய்மாரோடு வெயிலில் குந்தியிருந்ததும் அதிகம் சிஸ்டர்மார்தான். அவர்களைப் பற்றிப் பதிவு இல்லை, ஆகவே அவர்களைத் தலைவர் என்று சொல்கிற பழக்கமும் எங்களிடம் இல்லை. இதைத் தனியாக எழுத வேண்டும்.

இராயப்பு ஆண்டகை 2021 ஏப்ரல் 1ல் இறந்தார். அன்று பெரிய வியாழன். சாமிமார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுகிற நாள். எங்கட பங்கில் அந்தப் பன்னிரண்டு பேர் ஒவ்வொரு வருடமும் கிட்டத்தட்ட அதே ஆட்கள்தான், சபைத் தலைவர், பொருளாளர், திருநாள் உபயகாரர், வீட்டிலேயே நன்றாகக் கழுவிக்கொண்டு வருகிற கால்கள். அந்த வருடம் பூசையில் ஆண்டகையின் பெயர் சொன்னபோது பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா சத்தமாக அழுதுவிட்டா. அவவின் மகன் அந்தக் கழித்தல் கணக்கில் ஒருவன். மகனை எண்ணியவர் ஒருவர் இருந்தார், அவரும் போய்விட்டார் என்றுதான் அவ அழுதிருப்பா என்று நினைக்கிறேன்.

இரண்டு கிழமை கழித்து அதே கன்ரீனில் நண்பனுக்குப் பதில் சொன்னேன். இராயப்பு ஆண்டகையும் லக்ஷ்மன் ஆயரும், ஒருவர் மட்டும் காணாது, இரண்டு பேரையும் சேர்த்துத்தான் சொல்லுவன் என்றேன். "அதார் லக்ஷ்மன்?" என்று கேட்டான். ரணிலின்ட சித்தப்பா என்று சொல்லித்தான் தொடங்க வேண்டியிருந்தது.